வாந்தி பயத்துக்கு எது சரி: மாத்திரையா, சிகிச்சையா, தானே பழகிக்கொள்வதா?

"எனக்கு வாந்தி என்றாலே பயம்" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டு "அது யாருக்குத்தான் பிடிக்கும்?" என்பார். பிடிக்காமல் இருப்பது வேறு. பேருந்தில் பின் இருக்கைக்காரர் இரண்டு முறை இருமினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவது, பாலின் தேதியைப் படித்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, கடைசியில் எதற்கு வம்பு என்று கொட்டிவிடுவது, மசக்கைக்குப் பயந்து குழந்தை பெறுவதையே தள்ளிப்போடுவது, இந்த மாதிரி வாழ்க்கையே அதைச் சுற்றி வளைந்துபோவதுதான் நான் சொல்லும் பயம். எமெட்டோபோபியா என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் 'குறிப்பிட்ட பயங்கள்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும், பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும், உதவி தேடிப் போவதற்குள் பலருக்குப் பத்து இருபது வருடம் ஓடிவிடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது.

இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மாத்திரை வாங்கிக்கொள்ளவா, ஆலோசகரிடம் போகவா, ஹிப்னாஸிஸ் செய்தால் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?" நான் மருத்துவர் இல்லை. இந்தப் பயத்தோடு நெடுநாள் குடித்தனம் நடத்தி, இந்த வழிகளில் பலவற்றைச் சுற்றி வந்த ஆள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

இந்தப் பயத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. பதற்றம் வந்தால் செரிமானம் குழம்பும், வயிறு பிசையும், குமட்டும். குமட்டினால் "இதோ வரப்போகிறது" என்று பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் குமட்டலும் கூடும். கடைசியில் வாந்தி வராது. இந்தப் பயம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வாந்தி எடுப்பதில்லை, பலர் வாந்தி எடுத்தே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் வராமல் போனதற்கான பெருமை ஒவ்வொரு முறையும் வேறு எதற்கோ போய்ச் சேரும்: நான் புதினா மிட்டாய் சப்பினேன், அதனால் வரவில்லை. ஜன்னலைத் திறந்தேன், அதனால் வரவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு "எனக்கு ஒன்றும் ஆகாதுல்ல?" என்று கேட்டேன், அதனால் வரவில்லை.

எனவே என் முதல் அளவுகோல் இது: இந்த வழி இன்றைக்குத் தரும் நிம்மதி, நாளைய பயத்துக்குத் தீனி போடுகிறதா? மற்ற மூன்றும் இதற்கு அப்புறம்தான். வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? வெளியே சொல்லாத செலவு என்ன (பணம் மட்டுமில்லை, நேரம், உடம்பு, வீட்டாரின் பொறுமை)? நாம் பாதியில் ஓடிவிடாமல் தாக்குப்பிடிக்க முடியுமா?

இன்னொன்று. இதையெல்லாம் தொடங்கும் முன் உடம்பை ஒருமுறை பொது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தினமும் குமட்டினால் அமிலம் மேலேறுவது, வயிற்றுப்புண், ஒற்றைத் தலைவலி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். சாப்பாட்டை வெட்டி வெட்டி எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதை ஒல்லியாக ஆசைப்பட்டுப் பட்டினி கிடப்பதாக எடுத்துக்கொள்வது நடக்கிற கதைதான். எடை ஏறுமோ என்று பயமா, வாந்தி வருமோ என்று பயமா என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

## வழி 1: ஒன்றும் செய்யாமல் ஒதுங்கியே போவது

இதை யாரும் ஒரு 'வழி' என்று எண்ணுவதில்லை, ஆனால் நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்திருப்பது இதைத்தான். செலவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, இன்று ராத்திரி நிம்மதி நிச்சயம்.

மறைந்திருக்கும் விலை மெதுவாகத்தான் தெரியும். முதலில் வெளிச் சாப்பாடு போகும், அப்புறம் கப்பல், அப்புறம் விமானம், அப்புறம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அப்புறம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போவது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். மொத்தமாகப் பார்க்கும்போது வீடு மட்டும்தான் மிச்சம்.

சும்மா ஒரு தகவல்: எங்கே போனாலும் கையில் ஆல்கஹால் ஜெல் வைத்துக்கொண்டு திரிபவர்கள் நாம். ஆனால் கூட்டமாக வாந்தியும் பேதியும் பரப்புவதில் பேர்போன நோரோவைரஸுக்கு அந்த ஜெல் அவ்வளவாக உறைப்பதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் அதற்குச் சரி. இத்தனை வருடச் சடங்கில் பாதிக்குமேல் குறியே தப்பியிருந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இந்த வழி எப்போது சரி? வீட்டில் சாவு, பரீட்சை, பிரசவம் என்று வேறு பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு மாதம் ஒத்திப்போடுவதில் தப்பில்லை. தேதி குறித்து ஒத்திப்போடுங்கள், அவ்வளவுதான்.

## வழி 2: வாந்தியை நிறுத்தும் மாத்திரை

என் பர்ஸில் வருடக்கணக்காக ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஓரம் மடங்கி, பின்பக்கத் தாளில் எழுத்து தேய்ந்து, சில்லறையோடு உரசி உரசிப் பளபளப்பே போய்விட்டது. ஆனால் அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை, ஒருமுறை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தால், காலாவதியாகி இரண்டு வருடம். ரொட்டிக்கும் பாலுக்கும் தேதி பார்த்தே ஓய்ந்துபோன ஆள், இதற்கு மட்டும் பார்க்கவே இல்லை. அந்த இரண்டு வருடமும் என்னைக் காப்பாற்றியது மருந்தே இல்லை, வெறும் அட்டை.

மாத்திரைகள் போலி என்று சொல்லவரவில்லை. ஒண்டான்செட்ரான் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தியை அடக்கப் பெரிய வரமாக வந்த மருந்து. உண்மையான வயிற்றுப் பிரச்சினையில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவர் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பயத்துக்குச் சாப்பிடுவதில்தான் சிக்கல். அது பயத்தைத் தொடவே தொடாது, ஆனால் "நல்லவேளை மாத்திரை இருந்தது" என்ற நினைப்பை மட்டும் விட்டுப்போகும்.

உடம்புக்கும் விலை உண்டு. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலும் தலைவலியும் தரும், சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டோம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் கட்டுப்பாடு வைத்ததும் இதயத்தை முன்னிட்டுத்தான். அதே வேலைக்கான மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் முகமும் நாக்கும் தானாக அசையும் கோளாறு வரலாம், அது போகாமலே இருந்துவிடவும் கூடும் என்று எச்சரிக்கை இருக்கிறது. தினமும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்டுக்கொள்ளும் பொருள் இல்லை இது.

## வழி 3: பதற்றத்துக்கான மருந்து

இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் வகை (செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்றவை) பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. வாந்தி பயத்துக்கென்றே அவற்றைச் சோதித்த பெரிய ஆய்வு கிடையாது. ஆனால் இந்தப் பயத்தோடு மனச்சோர்வோ, எண்ணச் சுழற்சி நோயோ (ஓ.சி.டி.), அடிக்கடி வரும் பீதியோ சேர்ந்திருப்பவர்களுக்கு, படுக்கையை விட்டு எழவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, இது ஒரு ஊன்றுகோலாக இருக்கலாம். சரி, அந்த ஊன்றுகோலில் ஒரு முள் இருக்கிறது: முதல் ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்கு வரும் பக்கவிளைவு குமட்டல்! நம் ஆட்கள் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். மருத்துவரிடம் முன்கூட்டியே பயத்தைச் சொல்லிவிட்டால் குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி, மெதுவாக ஏற்றுவார். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான், நாமாக நிறுத்தக் கூடாது.

அல்பிராசோலம் மாதிரி உடனடியாகப் பதற்றத்தை அடக்கும் வகை வேறு. அரை மணியில் உலகமே சாந்தமாகிவிடும். அதுதான் ஆபத்தும். பழக்கமாகிவிடும், அளவு ஏறும். அதைப் போட்டுக்கொண்டு பயத்தை எதிர்கொண்டால் மூளை "நான் தாங்கினேன்" என்று கற்றுக்கொள்ளாமல் "மாத்திரை தாங்கியது" என்று கற்றுக்கொள்ளும். என் முதல் அளவுகோலில் இது பர்ஸில் இருந்த அட்டைக்கு அண்ணன்.

## வழி 4: எதிர்கொள்ளலோடு சேர்ந்த சி.பி.டி.

சி.பி.டி. என்பது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. எதிர்கொள்ளல் என்பது பயப்படுவதை விலகி ஓடாமல் படிப்படியாகச் சந்திப்பது. என் சார்பை மறைக்கப் போவதில்லை, என் ஓட்டு இதற்குத்தான். ஆதாரமும் இருப்பதற்குள் இதற்குத்தான் அதிகம். 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் இந்தப் பயம் உள்ள 24 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு 12 அமர்வு சி.பி.டி. கொடுத்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். சிகிச்சை பெற்ற 12 பேரில் 6 பேர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள், காத்திருந்தவர்களில் 2 பேர். சின்ன ஆய்வுதான். சிகிச்சை பெற்றதில் மீதிப் பாதிப் பேர் அந்த அளவுக்குத் தேறவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லாரும் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, வாந்தி எடுக்க வைக்க மாட்டார்கள். அடிக்கடி வாந்தி எடுப்பது உடம்புக்குக் கெடுதல், அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதும் நடக்கிற காரியம் இல்லை. அதை ஒட்டியுள்ள எல்லாவற்றையும்தான் எதிர்கொள்வோம்.

எனக்கு முதல் படியே சொல்தான். அந்த வார்த்தையை நான் சொல்லமாட்டேன், 'அது' என்பேன். முதல் வாரம் ஒரு வெள்ளைத் தாளில் வாந்தி, வாந்தி என்று இருபது முறை எழுதினேன், ஏழாவது தடவை பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அப்புறம் வாயாலெடுப்பது, கக்கல், ஓங்காளம், சத்தி என்று தமிழில் இதற்கு இருக்கும் அத்தனை சொல்லும் (இவ்வளவு இருக்கும் என்று அதுவரை தெரியாது). அப்புறம் கார்ட்டூன் படம், நிஜப் படம், ஒலி இல்லாத வீடியோ, ஒலியோடு வீடியோ. அப்புறம் ஊறிய பிஸ்கட்டையும் ஓட்ஸையும் வினிகரையும் கலந்து ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, கழிப்பறையில் மண்டியிட்டு, தொண்டையிலிருந்து சத்தம் எழுப்பியபடி ஊற்றுவது. வெளியே நின்ற என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கூடத்துக்கு ஓடிப்போனார். கூடவே உடம்பின் உணர்வுகள்: சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றித் தலைசுற்றலை வரவைப்பது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே பேருந்தில் ஏறுவது.

செய்யும் முறையில்தான் சூட்சுமம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் "இதைப் பார்த்தால் வாந்தி வர எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று எழுத வேண்டும். நான் 80 போட்டேன். முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பயம் அப்போதே இறங்கியதா என்பது இரண்டாம் பட்சம், எதிர்பார்த்தது நடந்ததா என்பதுதான் பாடம். மிஷெல் கிராஸ்கே என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2014-இல் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: எதிர்பார்ப்பு பொய்க்கும்போதுதான் புதிய கற்றல் நடக்கிறது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மாதம் வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் வீடியோ பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க வீண். மிட்டாய், ஜன்னலோர இருக்கை, மூச்சை எண்ணுவது, "முகம் வெளுத்திருக்கா பாரு" என்று கேட்பது, இந்தக் காப்புச் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கைவிடாமல் எதிர்கொள்ளல் மட்டும் செய்தால் அது வெறும் சித்திரவதை.

மறைந்த செலவு: முதல் மூன்று வாரம் முன்பைவிட மோசமாக இருக்கும். தினமும் அரை மணி நேர வீட்டுப்பாடம். இந்தப் பயத்தைத் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது அரிது, பொதுவான கவலைக்குப் பேசுபவரிடம் போய் மாதக்கணக்கில் சிறுவயதுக் கதை மட்டுமே சொல்லிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து எனக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. நன்றாக இல்லை. வாய் ஊறியது, வியர்த்தது, வந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் மூச்சுக்குழல் வாய் தானாக மூடிக்கொள்ளும், உள்ளண்ணம் மேலேறி மூக்கை அடைக்கப் பார்க்கும், தள்ளுவது உதரவிதானமும் வயிற்றுத் தசையும் என்றெல்லாம் படித்தது அப்போது ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்தேன், தூங்கிப்போனேன்.

## வழி 5: ஹிப்னாஸிஸும் இ.எம்.டி.ஆரும்

வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டுக்கும் இந்தப் பயத்தில் உள்ள ஆதாரம் பெரும்பாலும் தனிநபர் கதைகள்தான். கண் அசைவோடு பழைய நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். அதிர்ச்சி நினைவுகளுக்கு நல்ல பெயர் பெற்றது. உங்கள் பயம் ஒரு குறிப்பிட்ட சம்பவத்திலிருந்து, வகுப்பறையில் எல்லார் முன்னாலும் நடந்த ஒன்றிலிருந்து பிறந்து, அந்தக் காட்சி இன்றும் கண்முன் ஓடுகிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஹிப்னாஸிஸில் எனக்கு நம்பிக்கை குறைவு, "ஒரே அமர்வில் குணம்" என்று விளம்பரம் செய்பவரிடம் சுத்தமாக இல்லை. தளர்வாக இருக்கக் கற்றுக்கொள்வதில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அந்தத் தளர்வே புதுச் சடங்காக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 6: தானே செய்வது

பயம் மிதமாக இருந்து, சாப்பாடும் வேலையும் ஓடிக்கொண்டிருந்தால், ஏணி போட்டு நீங்களே ஏறலாம். பத்துப் படி எழுதுங்கள், அடிப்படியில் 'வாந்தி' என்ற சொல் இருக்கட்டும். பணம் மிச்சம், வெட்கம் இல்லை. ஆனால் மிட்டாயை அடக்கிக்கொண்டு ஏமாற்றினால் பிடிக்க ஆள் இல்லை. பாதியில் நின்றுபோவதும் இதில்தான் அதிகம், அதுவும் ஐந்தாம் படியில், வீடியோவில் ஒலியைத் திறக்க வேண்டிய இடத்தில். வாரம் ஒருமுறை கணக்குக் கேட்கும் ஒரு நண்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தற்கொலை எண்ணம், வேகமாக இறங்கும் எடை, முழுப் பட்டினி, கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் தனியாக இறங்க வேண்டாம்.

## குழந்தைக்கு என்றால்

கணக்கே மாறிவிடும். "அம்மா, எனக்கு வாந்தி வராதுல்ல?" என்று பிள்ளை ராத்திரி இருபது முறை கேட்கும், நாமும் இருபது முறை "வராதுடா கண்ணு" என்போம். அந்தப் பதில்தான் தீனி. பிள்ளையின் பதற்றத்துக்குப் பெற்றோரை மட்டும் பயிற்றுவிக்கும் ஸ்பேஸ் என்ற முறை யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கியது. 2020-இல் வந்த அவர்கள் ஆய்வில், 124 பிள்ளைகளில், அது பிள்ளைக்கே கொடுக்கும் சி.பி.டி.க்குக் குறையாத பலன் தந்தது. அது வாந்தி பயத்துக்கென்று செய்த ஆய்வு இல்லை, பொதுவாகப் பதற்றக் கோளாறுகளுக்கு. ஆனாலும் சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளை இருந்தால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கப் பழகுவது. கேட்கச் சுலபம், செய்யும்போது நெஞ்சைப் பிசையும்.

## ஒரே பார்வையில்

| வழி | இன்றைய நிம்மதி | நாளைய பயம் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| ஒதுங்குவது | உடனே | கூடும் | சுருங்கும் வாழ்க்கை | குறுகிய கால ஒத்திப்போடல் |
| வாந்தி மாத்திரை | உடனே | கூடும் | மலச்சிக்கல், இதயம், நரம்பு | உண்மையான உடல் காரணம் உள்ளவர் |
| எஸ்.எஸ்.ஆர்.ஐ. | இல்லை, 4 முதல் 6 வாரம் ஆகும் | ஓரளவு குறையலாம் | தொடக்கக் குமட்டல் | மனச்சோர்வு, பீதி சேர்ந்தவர் |
| சி.பி.டி. | இல்லை, முதலில் கூடும் | குறையும் | நேரம், பணம், வீட்டுப்பாடம் | பெரும்பாலோர் |
| இ.எம்.டி.ஆர்., ஹிப்னாஸிஸ் | ஆளைப் பொறுத்து | தெளிவில்லை | பணம் | ஒரு சம்பவத்தில் தொடங்கிய பயம் |
| தானே செய்வது | இல்லை | நேர்மையைப் பொறுத்து | பாதியில் நிற்பது | மிதமான பயம் |

இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ.யும் சி.பி.டி.யும் சேர்ந்து போவது சகஜம். கர்ப்பம் திட்டமிடுபவர்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. மசக்கையின் நடுவில் ஏணி ஏறுவது இரட்டை வேலை, மருந்துத் தேர்வும் அப்போது குறுகிவிடும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். வாந்தி பயத்துக்கு முன்பு சிகிச்சை தந்திருக்கிறீர்களா? எதிர்கொள்ளல் பயிற்சி செய்வோமா, எந்த வாரத்திலிருந்து? நான் மறைத்து வைத்திருக்கும் சடங்குகளை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்புறம் நாலாவதாக, சும்மா வாய் தவறிக் கேட்பது போல, "எனக்கு இங்கே வாந்தி வந்துவிடாதே?" என்று கேட்டுப் பாருங்கள். "சேச்சே, வரவே வராது, கவலைப்படாதீர்கள்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். எனக்கு வாய்த்தவர் மேசைக்குக் கீழிருந்து குப்பைக்கூடையை எடுத்து என் நாற்காலி பக்கத்தில் வைத்தார். "வந்தால் இதில் எடுங்கள்" என்றார், குறிப்பேட்டைத் திறந்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.